தும்பை பிடுங்கும் தோட்டம்

மகள் காசு கொடுத்த விஷயத்தில் அப்பா குறை சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எப்போது நிறைவேறியது என்று தெரியாது. தாயும் மகளும் சேர்ந்து, நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நிறைவேற்றியிருப்பார்கள். ஆகவே போன வாரம் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் தங்கிவிட்டு வந்ததைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை. இங்கே விடுகிறேன்.  

எங்கள் கல்யாண நாளுக்குப் பெங்களூரிலிருந்து மகள் செய்த ஏற்பாடு அது. "அப்பா, ஹெரிட்டேஜ் ப்ராப்பர்ட்டிப்பா. நூறு வருஷத்துப் பங்களா, சுத்தி ட்ராபிக்கல் கார்டன். நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்றாள். நாகர்கோவிலிலும் நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ராத்திரி ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் யாரும் கேட்பதில்லை.

வரவேற்பு வைபவத்தை விவரிக்கப் போவதில்லை. நீங்களும் போயிருப்பீர்கள்; உங்கள் முகத்திலும் அந்த வெந்நீர்த் துண்டை ஒற்றியிருப்பார்கள். இளநீரில் காகிதக் குடை குத்தித் தந்திருப்பார்கள். கையில் இருக்கும் சின்னப் பையைப் பிடுங்கிக்கொண்டு, எதிரே தெரிகிற அறைக்குப் பேட்டரி வண்டியில் ஏற்றி, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டிருப்பார்கள். அறைக்கு நம்பர் கிடையாது. செத்துப்போன ஒரு துரையின் பெயர். சாவி, அரைக்கிலோ பித்தளை.

போனதும் துலாவர்ஷ மழை பிடித்துக்கொண்டது. கட்டில் தலைமாட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆளைக் கூப்பிட்டேன். அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தான். ஒழுகலைப் பார்க்கிறானாக்கும் என்று நினைத்தேன். அவன் ஓட்டைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டான். "ஒரிஜினல் ஓடாணு சார். ஹெரிட்டேஜ்." மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அன்றிலிருந்து மேற்குக்கரை முழுக்க, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு சொருகித்தான் வாழ்ந்து வந்திருக்கிறோம். உடைந்ததைக் காட்டி வாடகை வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் ஒழுகினசேரிக்காரன்; ஒழுகுவதற்குப் பயப்படுகிறவன் அல்ல. ஆனால் ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைப்பதும் ஹெரிட்டேஜ்தானே? வாளி வரவில்லை. கதவு சாத்தவில்லை என்றேன், ஹெரிட்டேஜ் சார். வைஃபை வரவில்லை என்றேன், சுவர் கனம் சார், ஹெரிட்டேஜ். காலையில் காபி ஆறிப்போய் வந்ததற்கும் அதே பதில்தான். ஆறின காபிக்கு என்ன பாரம்பரியம் என்று கேட்டேன். பையன் சிரித்தான். நல்ல பையன், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான்.

எனக்கு ஹெரிட்டேஜ் காட்டுகிறார்கள் என்பதுதான் முதல் எரிச்சல். திருவிதாங்கூருக்குத் தலைநகரமே எங்கள் பக்கம்தான் இருந்தது, பத்மநாபபுரத்தில். 1795இல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும் மண் நம்முடையது, அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அந்தக் கறுத்த தரையில் முகம் பார்த்துத் தலை சீவி வளர்ந்தவனிடம் சிமெண்டுத் தரையைக் காட்டி, "ரெட் ஆக்சைடு சார், ஓல்டு டெக்னிக்" என்றால் எப்படி இருக்கும்?

வராந்தாவில் அந்த நாற்காலி போட்டிருந்தார்கள். கைப்பிடி இரண்டும் முன்பக்கம் நீண்டிருக்கும், காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்வதற்கு. தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்து மனிதர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தே ஒரு நாவலை எழுதி, அதற்கு 1997இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். மலையாளத்தில் பஷீரை நினைத்தாலே மாங்கோஸ்டீன் மரத்தடியும் சாய்வு நாற்காலியும் கூடவே வரும். அதெல்லாம் சரி. "ஏங்க, காலைத் தூக்கி அதுமேலே போடுங்க, போட்டோ எடுக்கணும்" என்றாள் வீட்டுக்காரி. வேட்டி கட்டினவன் அந்த நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கிப் போடுவது நாலு பேர் நடமாடுகிற இடத்தில் செய்கிற காரியமல்ல. துரைமார் கால்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பஷீருக்கோ சொந்தத் தோப்பு. நான் கீழேயே காலை வைத்துக்கொண்டேன். படத்தில் பல் டாக்டருக்குக் காத்திருக்கிறவன் மாதிரி விழுந்திருக்கிறேன்.

 இனித் தோட்டம்.

காலை ஆறரைக்கு 'நேச்சர் வாக்' என்று அறையில் அட்டை வைத்திருந்தார்கள். கட்டணத்தில் அடக்கம். கட்டணத்தில் அடக்கமான ஒன்றை விடுவது எங்கள் குடும்ப வழக்கமில்லை. உங்கள் குடும்பத்திலும் இருக்காது. அந்த பஃபேயில் மூன்றாவது தட்டோடு நின்றவர் யார் என்று நான் கேட்கவில்லையே. நேச்சுரலிஸ்ட் என்று இன்னொரு பையன் வந்தான், கழுத்தில் பைனாகுலர். தோட்ட வாசலில் நிறுத்தி, "இவிடெ எல்லாம் நம்முடெ மண்ணின்றெ செடிகளாணு சார்" என்று ஆரம்பித்தான். வளைவில் பெரிய பலகை: கேரள மண்ணின் பாரம்பரியத் தோட்டம்.

முதல் செடி, காகிதப்பூ. பிரேசில். 1760களில் பூகன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பலில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டபோது ரியோ டி ஜெனீரோ பக்கம் அகப்பட்ட செடி. அதனால் அவர் பெயர். செடி பிடித்தவர் கொம்மெர்சன். அவருக்கு உதவியாளாக ஆண் வேஷத்தில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் அவர்தான். இதையெல்லாம் அந்தப் பையனுக்கு நான்தான் சொன்னேன். "ஓ" என்றான்.

அடுத்தது விசிறி வாழை. ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு, மயில் தோகை விரித்தது போல. பலகையில் 'டிராவலர்ஸ் பாம்'. பனையுமில்லை, நம் வாழையுமில்லை, மடகாஸ்கர்ச் சரக்கு. அதற்குப் பக்கத்தில் குல்மோகர். அதுவும் மடகாஸ்கர். ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள், நல்ல விஷயம். அதன் கீழே ஹெலிகோனியா வரிசை, தென் அமெரிக்கா. தொட்டியில் ஆந்தூரியம், கொலம்பியா. நீச்சல் குளத்தோரம் கிளி மூக்கு மாதிரி ஆரஞ்சுப் பூ, தென் ஆப்பிரிக்கா. ஸ்பா வாசலில், எண்ணெய் தேய்க்க வருகிறவர்கள் காதில் செருகிவிடுகிறார்களே வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பூ, அது மெக்சிகோ பக்கம். வேலியோரம் முழுக்கக் குரோட்டன்ஸ். அது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் மீன் கழுவின தண்ணீர் குடித்து வளர்ந்த செடி, பூர்விகம் மொலுக்காஸ் தீவுப் பக்கம். நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரம். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்குகிறது.

நாகலிங்க மரம் வந்ததும் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றினாள். "இது தென் அமெரிக்கா" என்றேன். "வாயை மூடுங்க. உள்ளே சிவலிங்கம் இருக்கு, பாம்பு படம் எடுத்திருக்கு, எப்படி அமெரிக்காவாகும்?" கயானாக் காட்டு மரம் சிவன் கோவிலில் எப்படிக் குடியேறியது என்பதை அவளுக்கு விளக்க எனக்குத் தைரியமில்லை. பையனும் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். சரி, அந்த ஒரு மரத்துக்கு மட்டும் குடியுரிமை கொடுத்துவிட்டேன்.

"கீழே?" என்றேன். "எந்தா சார்?" "கீழே கிடக்கிற புல்." பையன் சந்தோஷமாகச் சொன்னான்: "கொரியன் கிராஸ் சார்!"

ரப்பர் மரத்தை அவன் தாண்டிப் போகப் பார்த்தான். நான் விடவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன, அங்கிருந்து பரவின. நாம் நின்ற குன்றே அதில் வந்த காசில்தான் எஸ்டேட்டானது. பங்களாவும் துரையும் நாற்காலியும் அதே காசில் வந்ததுதான். இதற்குள் கூட வந்த டெல்லித் தம்பதி எங்களைவிட்டு வெகு தூரம் போயிருந்தார்கள். வீட்டுக்காரியும்தான்.

நான் வெளியூர்ச் செடிக்கு விரோதியில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெளியூர்ச் செடி வேண்டாம் என்றால் மரச்சீனிக் கிழங்கு போச்சு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அரிசிக்குத் திண்டாடுகிற ஜனங்களுக்காக அதைப் பரப்பினார். இன்றைக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963லிருந்து கிழங்குக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிரேசில் கிழங்கோடு சேர்த்துத் தின்கிற மீன்கறியில் மிளகாய், அதுவும் அமெரிக்கா. கொல்லாமரம் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அன்னாசியும் அவர்கள் வகைதான். 1678க்கும் 1693க்கும் நடுவில் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதியாக அச்சான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', கொச்சி டச்சு கவர்னர் வான் ரீடு எழுதவைத்தது. இட்டி அச்சுதன் என்கிற வைத்தியர் சொல்லச் சொல்ல எழுதின மலபார்ச் செடிகளின் புத்தகம். அதிலேயே கொல்லாமரமும் அன்னாசியும் உள்ளூர்ப் பெயரோடு உட்கார்ந்திருக்கின்றன. முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே அவை நம்மவர்கள் ஆகிவிட்டன. எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபம் அந்தச் சாக்கு.

புல்வெளி ஓரத்தில் நாலைந்து பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாக்கு. எட்டிப் பார்த்தேன். தும்பை. வெள்ளை வெளேரென்று பூவோடு, ஓணத்துக்கு எந்தப் பூ இல்லாவிட்டாலும் இது வேண்டும் என்று மலையாளிகள் தேடி அலைகிற அதே தும்பை. கூடவே முக்குற்றி. கர்க்கடக மாதத்தில் அரைத்துப் பொட்டு வைத்துக்கொள்வார்களே, அது. அருகம்புல். நம் பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அருகம்புல். தசபுஷ்பம் என்று அங்கே கொண்டாடுகிற பத்தில் இரண்டு சாக்குக்குள்ளே கிடந்தன. ஒரு கைப்பிடி தொட்டாச்சிணுங்கியும் இருந்தது. அது அமெரிக்கா, நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதை ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று பையனைக் கேட்டேன்.

"வீட்ஸ் சார். லான் கெட்டுப்போகும்."

அருகம்புல்லால் லான் கெட்டுப்போகுமாம்! பெர்முடா கிராஸ் என்று பெயர் சூட்டி உலகம் பூராவும் கோல்ஃப் மைதானத்தில் வளர்ப்பது அதைத்தான் அப்பா. அந்தப் பெயரில் பாக்கெட் போட்டு, டாலரில் விலை எழுதிக் கொடுத்திருந்தால் இவர்களே வாங்கி நட்டு, பலகையும் வைத்து, மாலையில் ஸ்பிரிங்ளர் திறந்திருப்பார்கள். தானாக முளைத்ததுதான் அது செய்த தப்பு. தானாக வருகிறதற்கு ஹோட்டலில் மரியாதை கிடையாது, அறையில் பல்லிக்கும் அதே கதி. ஓணத்துக்கு வாசலில் அத்தப்பூ போடுவீர்களா என்று கேட்டேன். பெரிசாகப் போடுவோம் சார், பத்தடி என்றான். பூ? தோவாளையிலிருந்து வண்டியில் வரும், கேந்தி. எங்கள் தோவாளைச் சந்தைக்கு வியாபாரம் நடப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கேந்தி மெக்சிகோ. தும்பையைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிட்டு, அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து மெக்சிகோப் பூவை வரவழைத்து மாவேலியை வரவேற்கிறார்கள். மாவேலி பாதாளத்தில் இருப்பதே நல்லது.

களை பிடுங்கிய அக்காவிடம் ஒரு கொத்துத் தும்பை கேட்டேன். நேச்சுரலிஸ்டைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். "சளிக்கா சேட்டா?" என்றாள். மொத்தத் தோட்டத்திலும் செடியைப் பற்றி விஷயம் தெரிந்து பேசியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நேச்சர் வாக் நடத்த அனுமதியில்லை.

பலா மரம் எங்கே என்றும் கேட்டேன். நூறு வருஷத்துத் திருவிதாங்கூர்த் தோட்டத்தில் பலா இல்லாமல் இருக்காது. இருந்ததாம். சக்கை விழுந்தால் கெஸ்டுக்கு ஆபத்து என்று வெட்டிவிட்டார்களாம். 2018இல் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. அது விழும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டில் 'ஜாக்ஃப்ரூட் டாக்கோ' என்று ஒன்று இருந்தது, விலையைப் பார்த்தால் பலா விழுந்த வலி தெரியும். டாக்கோவும் மெக்சிகோ. அந்தத் தோட்டத்துக்கு மெக்சிகோவோடு என்ன ஒப்பந்தம் என்று தெரியவில்லை.

உண்மையான எஸ்டேட் பங்களா வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் நமக்கே ஒன்று இருந்தது. பேரூர்க்கடைக் குன்றின்மேல், மகாராஜா கொடுத்த நிலத்தில் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை வீடு கட்டிக் குடியிருந்தார். தனக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஹார்வி என்ற ஆசிரியரின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். 1891இல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்தையும் அவருக்கே சமர்ப்பித்தார். மகாராஜாவின் பெயரை வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிலம் கிடைத்திருக்கலாம். வாத்தியார் பெயரை வைத்தார். சுந்தரம் பிள்ளையின் மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியதால், சர் சி.பி. திவானாக இருந்த காலத்தில் அந்தச் சொத்து பறிமுதலானது. 1954இல் அவர் பட்டம் தாணு பிள்ளை மந்திரிசபையில் அமைச்சரானார். போன நிலத்தைத் திருப்பி வாங்குவார் என்று பார்த்தால், நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். அமைச்சரான பிறகும் ஓலை வீட்டில்தான் இருந்தார் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கதையைச் சொல்லி, ஓர் அறைக்காவது சுந்தரம் பிள்ளை பெயர் வைக்கலாமே என்று வரவேற்பறையில் யோசனை சொன்னேன். "ஷுவர் சார், ஃபீட்பேக் ஃபார்மில் எழுதுங்கள்" என்றார்கள். ஃபார்மில் கேள்விகள் தலையணை, ஷவர், சிரிப்பு ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே இருந்தன.

காலி செய்கிற அன்று வீட்டுக்காரி பெட்டியில் சின்னச் சின்ன ஷாம்பூ பாட்டில்களைக் கண்டேன். சோப்பு, தையல் ஊசி, ஷவர் தொப்பி. "தலையில் தொப்பி போட்டு எந்தக் காலத்தில் குளித்திருக்கிறாய்?" என்றேன். "கட்டணத்தில் அடக்கம்" என்றாள். மறுபேச்சு இல்லை. உங்கள் வீட்டு பாத்ரூம் அலமாரியிலும் கொடைக்கானல், மூணாறு, மைசூர் என்று ஊர்வாரியாக அடுக்கியிருப்பது எனக்குத் தெரியும். ஒன்றையும் திறக்க மாட்டீர்கள்.

மகள் போனில் கேட்டாள், எப்படிப்பா இருந்தது என்று. பிரமாதம் என்றேன். சட்டம் சட்டம்தான். அடுத்த வருஷம் குன்னூரில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம், அங்கே தோட்டம் இன்னும் பெரிசாம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் தோட்டம் பார்க்க ஆசையிருந்தால் நேரே மியூசியம் வளாகத்துக்குப் போங்கள். நேப்பியர் மியூசியம் 1880இல் கட்டி முடித்தது, சிஷோம் வரைந்த கட்டடம். மிருகக்காட்சிசாலை அதற்கும் இருபது வருஷம் மூத்தது. மடகாஸ்கரும் பிரேசிலும் அங்கேயும் உண்டு; ஆனால் எங்கள் மண் என்று யாரும் வந்து காதில் ஓதுவதில்லை. செடியைப் படித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் பாலோடுக்குப் போகலாம், 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம், முன்னூறு ஏக்கர், உள்ளே இருப்பவர்களுக்குத் தும்பை என்றால் என்னவென்று தெரியும். மியூசியத்தில் காட்சியகத்துக்கும் மிருகங்களுக்கும்தான் டிக்கெட். காலையில் மரத்தடியில் நடப்பதற்குக் காசு கிடையாது, முன்பதிவும் வேண்டாம்.